கப்பலடி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இரண்டு வரி எழுது. போன கடிதத்தில் அதை மறந்தே விட்டாய்.

சேதி என்னவென்றால், நாங்கள் கப்பலில் போகப் போகிறோம். சிரிக்காதே. உன் அத்தான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டுக்குள் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருக்கிறார். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால் அல்லவா, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வாசல்வரை போய், திரும்பி, சமையலறை வரை வந்து, மறுபடி வாசல். அதைப் பார்க்கச் சகிக்காமல் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் உல்லாசக் கப்பலில் பத்து நாள் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். ஏப்ரல் பதினெட்டாம் தேதி. நீ இருக்கிற துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகிறது.

டிக்கெட்டைப் பார்த்ததும் எனக்குக் கப்பலோ கடலோ கண்ணில் தெரியவில்லை. உன் முகம்தான் தெரிந்தது. ஒன்பது வருஷமாகிறது, தம்பி. நாலு வருஷம் முன்பு அப்பா போனபோதும் நீ நடுக்கடலில் இருந்தாய். எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் உனக்கு எழுதினோம். போன் போட்டால் கடலில் கிடைக்காது என்று நீ சொன்னதிலிருந்து நம் பேச்சு எல்லாம் தபாலில்தான். இந்த ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். நாங்கள் ஏறுவது உன் கப்பல்தானா? இல்லையென்றாலும் பரவாயில்லை. ஏறுவதற்கு முன்னால் கால் மணி நேரம் வந்து எதிரில் நில். அது போதும்.

எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன். "தம்பி கப்பல் ஆபீசரா இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாரு" என்றார். எனக்கு என்னவோ பெட்டிக் கவலைதான். எத்தனை பெட்டி கொண்டுபோகலாம்? யாரிடம் கொடுப்பது? நாமே தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமா? விவரமாக எழுது.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா


ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு, தம்பி நலம். இருமல் இருந்தது, இப்போது இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினை மிதிப்பதைக் குறைத்தாயா?

நீங்கள் கப்பலில் போவது ரொம்ப சந்தோஷம். பெட்டியைப் பற்றிக் கேட்டாய், சொல்கிறேன்.

டிக்கெட்டுடன் அட்டைகள் வரும். ஒரு பெட்டிக்கு ஒரு அட்டை. அதன் நிறம் எந்தத் தளம் என்று சொல்லும், எண் எந்த அறை என்று சொல்லும். மடித்து, கைப்பிடியில் சுற்றி, நாலு பின் அடி. ஒரு பின் அடித்தால் பாதி வழியில் பிய்ந்துவிடும். அட்டை இல்லாத பெட்டி அநாதை, அதை ஒரு மூலையில் நிறுத்திவிடுவார்கள். பழைய பயண அட்டை ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கிழித்துப் போடு. அழகுக்காக ரிப்பன் கட்டாதே, பெட்டி ஓடுகிற பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும்.

முனையத்தின் வாசலில் இறங்கியதும் போர்ட்டர்கள் நிற்பார்கள். பெரிய பெட்டிகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கை வீசிக்கொண்டு மாடிக்குப் போகலாம். பெட்டி கீழ்க் கூடத்துக்குப் போகும். எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழைந்து வரும். பிறகு கம்பிக் கூண்டு வண்டியில் அடுக்குவார்கள். பெரியது அடியில், சக்கரம் வெளிப்பக்கம். அங்கிருந்து கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்குப் போகும். சாயங்காலம் உங்கள் அறை வாசலில் இருக்கும்.

முக்கியமாக ஒன்று. சாயங்காலம் வரைக்கும் பெட்டி உன் கண்ணில் படாது. அதனால் பாஸ்போர்ட், டிக்கெட், மாத்திரை, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்று உடுப்பு, இவ்வளவும் கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு, முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மெஷினை நிறுத்தினால் கடை நிற்கும், அதனால் முழங்காலைத்தான் பொறுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு இருமல் வந்தால் வெந்நீர் குடி.

உன் கடிதத்தை உன் அத்தான் மூன்று தடவை சத்தமாக வாசித்தார். அன்றைக்கே போய் இரண்டு சக்கரப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். இப்போது வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கும்போது ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டே நடக்கிறார், ஒத்திகையாம். நான் மடித்து வைப்பேன், அவர் எடுத்து வெளியே போட்டு எண்ணுவார், நான் மறுபடி மடிப்பேன். இன்னும் எழுபது நாள் இருக்கிறது! எனக்கும் நிலைகொள்ளவில்லை. கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன்.

நீ எழுதியதில் பெட்டிக்கு எல்லா வழியும் தெரிகிறது. எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அறை எப்படி இருக்கும்? சாப்பாட்டுக்கூடம் எந்தப் பக்கம்? படுத்தால் ஆடுமா? ஜன்னலைத் திறக்கலாமா? கொஞ்சம் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. உன் அத்தான் கேட்கிறார், "உன் தம்பி பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டா போறான், பெட்டியைத் தவிர ஒண்ணும் எழுத மாட்டேங்கிறானே" என்று.

இன்னொன்றும் சொன்னார். உன் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே தபால் முத்திரையாம். டிக்கெட் கிழித்த கண், எதையும் விடாது. "அது எல்லாத்தையும் சேர்த்து வச்சு, துறைமுகம் வந்ததும் போடுவாங்க" என்று நானே சமாளித்தேன். அப்படித்தானே?

பதினெட்டாம் தேதி வருவாயா என்று கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. பெட்டிக்கு மூன்று பக்கம், அக்காவுக்கு ஒரு வரி கூட இல்லை. இந்தத் தடவை அதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் மற்றதை எழுது.

அக்கா


மார்ச் 2

அன்பு அக்காவுக்கு, நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கடலில் இருந்தோம். முத்திரை விஷயம் நீ சொன்னதுதான்.

அறை நன்றாக இருக்கும். ஆடும், பழகிவிடும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவற்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மெழுகுவர்த்தி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பெரிய கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் மேலாக இஸ்திரிப் பெட்டி. நீ கடைக்காரி, கசங்கின துணியோடு நாலு பேர் முன்னால் உட்கார மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. தீப்பிடிக்கும் என்ற பயம். எத்தனை துணிக்கு அடியில் ஒளித்தாலும் எக்ஸ்ரே திரையில் அதன் மூக்கு தெரிந்துவிடும். தெரிந்ததும் பெல்ட்டை நிறுத்துவார்கள். அந்தப் பெட்டியை மட்டும் ஒரு போர்ட்டர் தூக்கிக்கொண்டு போய்ச் சோதனை மேசையில் வைப்பார். மாடியில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரரை மைக்கில் கூப்பிடுவார்கள். ஒரு காவல்காரி வந்து கீழே அழைத்துப்போவாள். அவர் முன்னால்தான் பெட்டியைத் திறப்பார்கள், ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பயணிகள் கீழ்க் கூடத்துக்கு வருவது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். நாலு பேர் பார்க்க உனக்கு அந்த அவமானம் வேண்டாம்.

திரும்பி வருவதற்கு முந்தின இரவு பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்த வேண்டியதை மறக்காமல் வெளியே எடுத்து வை. போன மாதம் ஒரு பெரிய மனிதர் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, இரவு உடையின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, டை கட்டி, இறங்கி வந்தார். நடையில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

பதினெட்டாம் தேதி பற்றி. பட்டியல் வந்துவிட்டது. எங்கள் கப்பல் பதினாறாம் தேதியே புறப்படுகிறது. என்ன செய்வது அக்கா, வேலை அப்படி. திரும்பி வரும்போது பார்க்க முடியுமா என்று பார்க்கிறேன்.

தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு, சுகம்தான். நீயும் சுகமாக இரு.

இரண்டு நாள் வித்தியாசம். சரி. வேலை என்றால் என்ன செய்ய முடியும். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப் போகிறது.

டீச்சர் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, "இவர் எழுதறதுல பெட்டி கப்பலோட பக்கவாட்டுக் கதவு வரைக்கும் வருது. அதுக்கப்புறம் எங்க போகுதுன்னே தெரியலையே" என்றார். ஆசிரியர் புத்தி, விடைத்தாளில் விட்டுப்போன பக்கத்தைத் தேடுகிறார். நான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டேன்.

உன் அத்தான் வாங்கிய சக்கரப் பெட்டியில் ஒன்றுக்கு இப்போதே சக்கரம் கழன்றுவிட்டது. ஒத்திகையிலேயே அதன் ஆயுள் முடிந்தது. அதற்குப் பதில் அப்பாவின் பழுப்புத் தோல் பெட்டியை எடுத்துப்போகலாம் என்று நினைக்கிறேன். கட்டிலுக்கடியில் சும்மாதான் கிடக்கிறது. உள்ளே அவர் சாமான்கள் இருக்கின்றன, அவர் போனதிலிருந்து திறக்கவே இல்லை. அந்தப் பெட்டியைக் கப்பலில் எடுத்துக்கொள்வார்களா?

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு. அப்பா பெட்டி வேண்டாம்.

அதற்குச் சக்கரம் கிடையாது. வலது கைப்பிடி முன்பே பிய்ந்து, அப்பா கம்பி வைத்துக் கட்டியது. கூண்டில் போட்டால் மேலே இருபது பெட்டி ஏறும். தாங்காது. வேறு ஒன்று வாங்கிக்கொள். இல்லாவிட்டால் டீச்சரிடம் இரவல் கேள். அது அங்கேயே இருக்கட்டும், திறக்கவும் வேண்டாம். பழசைக் கிளறினால் உனக்குத்தான் மனசு கஷ்டம்.

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 23

அன்புத் தம்பிக்கு, நாங்கள் சுகம். இத்தனை வருஷத்தில் நீ ஐந்தே நாளில் பதில் போட்டது இதுதான் முதல் தடவை. கடலில் இல்லை போலிருக்கிறது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்துவிட்டேன். அப்பாவின் இரண்டு சட்டை, ஒரு ரேடியோ, முகச்சவர சாமான். உன் கடிதங்கள் ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு. முதல் கடிதம் மட்டும் அந்தக் கட்டில் இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார்.

அந்தக் கடிதம் வந்த நாள் உனக்குத் தெரியாது. அப்பா வாசலில் நின்று உரக்க வாசித்தார். அவருக்கு நாலு பேர் முன்னால் கண்ணாடி போடுவது பிடிக்காது, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். நாங்கள் எல்லாம் கேட்டோமே தவிர, அந்தக் காகிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. போன வாரம்தான் முதன்முதலாக என் கண்ணால் வாசித்தேன்.

"அப்பா, எனக்குக் கப்பலடியில் வேலை கிடைத்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய்.

உன் கையெழுத்து அப்போது நன்றாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிகிறது.

வேறு விசேஷம் இல்லை. கண்ணாடிக் கூட்டை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புத் தம்பிக்கு, உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? தினம் தபால்காரர் வருகிற நேரத்துக்கு உன் அத்தானோடு சேர்ந்து நானும் நடக்கிறேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் நடந்தால் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னபடி அட்டைகளை நாலு பின் அடித்து மாட்டியாகிவிட்டது. ரிப்பன் இல்லை. மாத்திரை கைப்பையில். நீ எழுதிய கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மறுபடி வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. சோதனை மேசையைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் நாலைந்து தடவை வாசித்தேன். அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய்.

பதினேழாம் தேதி காலையில் கிளம்புகிறோம். இதற்குப் பதில் எழுதுவதென்றால் சீக்கிரம் எழுது. எழுதாவிட்டாலும் நான் வருவேன்.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு. இந்தக் கடிதம் வந்து சேர மூன்று நாளாகும். அதற்குள் நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் கப்பலில் வேலை பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. கப்பலுக்குள் காலெடுத்து வைத்தது கூட இல்லை. கரையில், கீழ்க் கூடத்தில், பெட்டி தூக்குகிற போர்ட்டர். கப்பலடியில் வேலை. அதைத்தான் முதல் கடிதத்தில் எழுதினேன். அப்பா அந்த 'அடி'யை விழுங்கிவிட்டுக் 'கப்பலில்' என்று வாசித்துவிட்டார். பதிலில் "என் பிள்ளை கப்பலில்" என்று பத்து இடத்தில் எழுதியிருந்தார். அவர் என்னைப் பற்றி அப்படிச் சந்தோஷமாக எழுதியதே இல்லை. திருத்த வேண்டும் என்று பேனாவை எடுத்தேன், அடுத்த கடிதத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். ஆபீசராக்கியது நீங்கள்தான். அந்தப் பதவியிலிருந்து இறங்காமல் இருந்தது நான்தான். நீ கவரில் 'கப்பல் ஆபீசர்' என்று எழுதி அனுப்புவதைப் பார்த்து இங்கே எனக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. "ஆபீசர் சார், அந்தச் சிவப்புப் பெட்டியைத் தூக்குங்க" என்கிறார் மேஸ்திரி.

போன் வேண்டாம் என்றதும் அதற்காகத்தான். பின்னால் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டுவிடுமே.

அப்பா போன செய்தி உன் கடிதத்தில்தான் வந்தது. 'நடுக்கடலில் இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன பிரயோஜனம், வந்து சேரவா முடியும் என்று அத்தான் சொன்னார்' என்று எழுதியிருந்தாய். அக்கா, நான் ஏழு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தேன். தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு எங்களுக்குக் கப்பலே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனதற்குக் கடலும் காரணமில்லை, யாரும் காரணமில்லை. இரண்டெழுத்தைத் திருத்தச் சோம்பிய நான்தான் காரணம். இதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உன் எதிரில் வந்து நிற்பேன்?

பதினெட்டாம் தேதிக்கு லீவு கேட்டேன். ஒரே நாளில் இரண்டு கப்பல், கிடைக்கவில்லை. அதனால் அன்றைக்குக் கீழ்க் கூடத்தில்தான் இருப்பேன். உன் பெட்டியை அடையாளம் கண்டு நானே தூக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அது ஒன்றுதான் என்னால் முடியும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

தம்பி


ஏப்ரல் 20, கப்பலிலிருந்து

அன்புத் தம்பிக்கு, இதைப் போகிற வழியில் ஒரு துறைமுகத்தில் தபாலில் போடுகிறேன். நாங்கள் சுகம்.

நீ பார்த்தது உன் பக்கம். என் பக்கத்தைச் சொல்கிறேன். முனைய வாசலில் அப்பாவின் பெட்டியைக் கொடுத்தபோது அங்கே நின்ற போர்ட்டர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தேன். நீ இல்லை. மாடிக்குப் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தேனா, தெரியாது. ஒவ்வொரு தடவை மைக் கரகரக்கும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். "எதுக்கு இப்படித் தவிக்கிற, கப்பல் நம்மள விட்டுட்டா போயிடும்?" என்றார் உன் அத்தான். அப்போதுதான் எங்கள் அறை எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"என்னத்த வச்ச?" என்றார்.

"இஸ்திரிப் பெட்டி."

"கூடாதுன்னுதான் உன் தம்பி எழுதினானே!"

"ஆமா, எழுதினான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். எத்தனை படி என்று தெரியவில்லை. முழங்கால் வலிக்கவே இல்லை.

மேசையில் அப்பாவின் பெட்டி. அதன் பின்னால் நீ. முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது, தோள் அகன்றிருக்கிறது. என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். "இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலையாம்மா?" என்று அந்தச் சோதனைக்காரர் கேட்டார். "சொன்னான், என் தம்பி" என்றேன்.

அப்போது நீ நிமிர்ந்தாய். ஒன்பது வருஷம் கழித்து உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எழுதினேன்ல அக்கா, அப்புறம் ஏன் வச்ச?"

"வைக்காம இருந்தா என்னை இங்க கூப்பிட்டிருப்பாங்களாடா?"

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அப்போது மேஸ்திரி உன்னை 'ஆபீசர்' என்று கூப்பிட்டார். அது நான் ஒட்டவைத்த பெயர். பத்து நிமிஷம் கூட விடவில்லை அவர்கள். நீ அப்பா கட்டிய கம்பியை இறுக்கிக் கொடுத்தாய். நான் சீட்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பெட்டி அறை வாசலில் இருந்தது, நீ சொன்னபடியே. இனிமேல் உனக்குத் தெரியாததை நான் சொல்கிறேன். அந்தப் பக்கவாட்டுக் கதவுக்கு உள்ளே ஒரு நீளமான நடை இருக்கிறது, எல்லாக் கதவும் ஒரே மாதிரி, உன் அத்தான் இரண்டு தடவை அடுத்தவர் அறையைத் தட்டிவிட்டார். அறை பஸ்ஸின் கடைசி மூன்று வரிசை அளவுதான் இருக்கும். ஜன்னல் திறக்காது. ஆடும், பழகிவிடும் என்று எழுதினாயே, ஆடவே இல்லை. அதைப் படித்துப் படித்து எத்தனை நாள் பயந்தேன் தெரியுமா?

அக்கா


மே 2

அன்புத் தம்பிக்கு, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். இருபத்தெட்டாம் தேதி இறங்கும்போது நீ தூரத்தில் இன்னொரு கப்பலுக்குக் கூண்டு தள்ளிக்கொண்டிருந்தாய். கையை அசைத்தாய், பார்த்தேன். மேசைக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்து இஸ்திரிப் பெட்டியை வாங்கவில்லை. மறதியால் இல்லை.

பூட்டைத் திறந்தால் கதவடியில் உன் கடிதம் கிடந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வாசித்தேன். எனக்குக் கோபம் இருக்கிறது, அதை இல்லை என்று எழுத மாட்டேன். போர்ட்டர் என்பதற்குக் கோபம் இல்லை. அன்றைக்கு நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றாயே, அதை வாசித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். உன்னை எழுப்ப யாருமே இல்லாமல் போய்விட்டதே.

உன் அத்தானும் வாசித்தார். நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அப்பா போனதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அவர்தானே. அப்படியே உட்கார்ந்து, "முப்பது வருஷம் நானும் பஸ்ல இருந்தேன்னு சொல்லிக்கிட்டேன். ஒரு நாளாவது ஓட்டினேனா? இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். அன்று முழுக்க அவர் நடக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். உன்னைத் தேற்றுவதற்காக இல்லை, எனக்கே நிச்சயமில்லை. மற்ற கடிதங்கள் கட்டில் இருக்க, அந்த ஒன்று மட்டும் கண்ணாடிக் கூட்டுக்குள் ஏன் இருந்தது? தனியாக இருக்கும்போது கண்ணாடி போட்டு வாசித்தாரோ என்னவோ. கடைசி ஒரு வருஷமாக, டீச்சர் கேட்டால் "கப்பல்ல இருக்கான்" என்று சொல்வதை விட்டுவிட்டு "உழைக்கிறான்" என்று மட்டும் சொல்வார். தெரிந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா, எனக்குத் தெரியாது.

கடையில் இஸ்திரி இல்லாமல் இரண்டு கல்யாண உடுப்பு கசங்கிக் கிடக்கிறது. டீச்சரிடம் இரவல் வாங்கி ஓட்டுகிறேன், அவருடையது சூடே ஏறவில்லை. என் இஸ்திரிப் பெட்டியின் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பது நாளுக்குள் வாங்காவிட்டால் தூக்கிப்போட்டுவிடுவார்களாம், பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் வர முடியாது.

அக்கா


மே 8

அன்பு அக்காவுக்கு, நலம். உண்மையிலேயே நலம்.

இந்தத் தடவை கவரில் 'போர்ட்டர், கப்பலடி' என்று எழுதியிருந்தாய். எப்போதும் உன் கடிதம் அலுவலக மாடியில் ஆபீசரைத் தேடி இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டுத்தான் கீழே வரும். இது நேராக என் கைக்கு வந்துவிட்டது.

சீட்டைக் கொடுத்து இஸ்திரிப் பெட்டியை வாங்கிவிட்டேன். பதினாறாம் தேதியிலிருந்து நாலு நாள் லீவு. மேஸ்திரி ஏன் என்று கேட்டார். "அப்பாவைப் பார்க்கணும்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்பா பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடாதே, வெளியிலேயே இருக்கட்டும். அந்தக் கம்பியை எடுத்துவிட்டு நல்ல கைப்பிடி ஒன்று போட்டுத் தருகிறேன்.

அத்தானிடம் ஒன்று கேட்டுச் சொல். பஸ்ஸில் இஸ்திரிப் பெட்டி கொண்டுவரலாமா? மடியில் வைத்துக்கொள்ளலாமா, இல்லை மேலே போட வேண்டுமா? எனக்குக் கப்பல் பெட்டிதான் தெரியும், பஸ்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் விவரமாக எழுதட்டும். பதில் வராவிட்டாலும் பதினாறாம் தேதி காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

தம்பி